குருந்தக்கல்லும் குமிழ்க்கல்லும்

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, "ஹாஸ்டல் நினைவுகள், மெஸ் சாம்பார் எல்லாம் நிறைய வந்தாச்சு சார், நீங்க ஏதாவது விஷயமா எழுதுங்க" என்றார்கள். விஷயம் என்றால் எனக்குத் தெரிந்தது கல்தான். எனவே, ஓய்வு பெற்ற மூத்தவர்களும் இப்போது படித்துக் கொண்டிருக்கும் தம்பி தங்கைகளும் சேர்ந்து படிக்கக்கூடிய ஒரு கல்லின் கதையைச் சொல்கிறேன்.

பரதநாட்டிய அரங்கேற்றம் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. ஆடும் பெண்ணின் தலைசாமானில், நெற்றிச்சுட்டியில், சூரியப்பிறை சந்திரப்பிறையில் கெம்புக்கற்கள் சிவப்பாக மின்னும். இன்று அவற்றில் பெரும்பாலானவை கண்ணாடியோ செயற்கைக் கல்லோதான். ஆனால் வடிவம் பழைய வடிவம். வைரத்தைப் போல அதில் பட்டைகள் இருக்காது. அடிப்பக்கம் தட்டை. மேல்பக்கம் கவிழ்த்த கிண்ணம் மாதிரி குவிந்து, மொழுமொழுவென்று இருக்கும். இந்த வடிவத்துக்கு உலகம் முழுதும் வழங்கும் பெயர் 'கபோஷான்'. தலை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம்மூர் பாஷையில் சொன்னால் 'மொட்டைத்தலைக் கல்'! கட்டுரைக்கு அது அவ்வளவு மரியாதையாக இருக்காது என்பதால் குமிழ்க்கல் என்றே வைத்துக் கொள்வோம்.

வைரத்தைப் பட்டை தீட்டும் வித்தை ஐரோப்பாவில் 14, 15-ஆம் நூற்றாண்டுகளில்தான் தலையெடுத்தது. அதற்கு முன் மன்னர்களின் மகுடங்களில் இருந்தவை பெரும்பாலும் உருட்டி வழவழப்பாக்கிய கற்களே. இங்கிலாந்து அரச மகுடத்தின் முன்பக்கம் இருக்கும் 'பிளாக் பிரின்ஸ் ரூபி' இன்றும் பட்டை இல்லாமல்தான் இருக்கிறது. (அது ரூபியே அல்ல, ஸ்பினல் என்ற வேறு கல் என்பது தனிக்கதை.)

ஆக, குமிழ்க்கல் தீட்டுவது ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையான தொழில். இன்று அதுவே அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் ஒரு பெரிய பொழுதுபோக்கு. தபால்காரர், டாக்டர், பள்ளி ஆசிரியர் என்று பலதரப்பட்டவர்களும் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து கல் தீட்டுகிறார்கள். ஆனால் இது பொழுதுபோக்காகப் பரவியது 1930-களுக்குப் பிறகுதான். அதுவரை பரம்பரைத் தொழிலாளிகளிடம் மட்டுமே இருந்த வித்தை எப்படி ஊரார் கைக்கு வந்தது? அதற்கான விடை கல்லில் இல்லை. கல்லைத் தேய்க்கும் பொடியில் இருக்கிறது. அந்தப் பொடியின் பெயரிலோ நம் தமிழ் இருக்கிறது.

முள்ளை முள்ளால்

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்பார்கள். கல்லைக் கல்லால்தான் தேய்க்க வேண்டும். அதுவும் தன்னைவிடக் கடினமான கல்லால். 1812-ல் ஃபிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் கனிமங்களை ஒன்று முதல் பத்து வரை கடினத்தன்மைப்படி வரிசைப்படுத்தினார். நம் புவியியல் மாணவர்கள் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்கிற பட்டியல். அதில் படிகக்கல், அதாவது குவார்ட்ஸ், 7. குருந்தம் 9. வைரம் 10. அகேட், சூதுபவளம், செவ்வந்திக்கல் எல்லாம் குவார்ட்ஸ் இனம்தான். இவற்றைத் தேய்க்க வைரப்பொடி வேண்டும், இல்லாவிட்டால் குருந்தப்பொடி வேண்டும். வைரப்பொடிக்குச் சாமானியன் எங்கே போவான்? எனவே உலகின் மணித்தொழில் பெரும்பாலும் குருந்தத்தையும் அதன் உறவுக்காரப் பொருட்களையும் நம்பியே நடந்தது. கிரேக்கர்களுக்கும் ரோமானியர்களுக்கும் நாக்ஸஸ் தீவிலிருந்து 'எமரி' கிடைத்தது. எமரி என்பது இரும்புக் கனிமம் கலந்த குருந்தம். நமக்கோ கலப்பில்லாத குருந்தமே கிடைத்தது.

நொய்யல் கரையில்

ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்று ஒரு சிற்றூர். பதிற்றுப்பத்தில் நகைவேலைக்குப் பேர்போன ஊராக வரும் 'கொடுமணம்' இதுவே என்பது அறிஞர்கள் முடிவு. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தது. பெரில், நீலம், படிகம், செவ்வந்திக்கல், அகேட், சூதுபவளம் எனப் பலவகை மணிகள் கிடைத்தன. முடிந்த மணிகள் மட்டுமா? உடைத்த கல், பாதி தேய்த்த கல், தேய்த்தும் துளையிடாத கல் என்று ஒரு பட்டறையின் எல்லாக் கட்டங்களும் மண்ணுக்குள் இருந்தன. மணி செய்த இடமே அதுதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கொடுமணலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே படியூர். கடல்நீரின் நிறமுடைய பெரில் கிடைத்த ஊர். 1819-20-ல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே சுரங்கம் நடத்தினார். இன்னொரு பக்கம் காங்கயத்தை ஒட்டிய சிவன்மலை. முருகன் கோயிலுக்குப் பெயர்போன மலை, புவியியல்காரர்களுக்கோ குருந்தம் தாங்கிய பாறைகளுக்குப் பெயர்போன மலை. 1901-ல் டி.எச். ஹாலண்ட் இந்தப் பாறைகளைப் பற்றி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக ஒரு தனி நூலே எழுதினார். மணி செய்கிற ஊர், மணிக்கல் கிடைக்கிற ஊர், அந்தக் கல்லைத் தேய்க்கும் குருந்தம் கிடைக்கிற ஊர் மூன்றும் மாட்டு வண்டியில் ஒரு நாள் பயணத்துக்குள்! இப்படி அமைவது லேசான விஷயமில்லை.

இந்தக் குருந்தத்தை இடித்துப் பொடியாக்கி, உருக்கிய அரக்கில் குழைத்து வட்டமாக வார்த்தால் அதுதான் சாணை. மணித்தொழிலாளிக்கும் அதே சாணை, கத்தி தீட்டுகிறவருக்கும் அதே சாணை. தெருவில் "கத்தி சாணை பிடிக்கிறதேய்" என்று குரல் கொடுத்துக்கொண்டு போவாரே, அவர் தோளில் தூக்கிப் போனது ஒரு நீண்ட வரலாற்றின் கடைசிக் கண்ணி.

நிற்க. இந்தக் கல் சென்னையிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து போனது. பேரும் கூடவே போனது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜான் வுட்வர்ட் என்பவரின் கனிமப் பட்டியலில் இது இந்தியப் பெயராலேயே இடம்பெற்றது. 1798-ல் சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் ஆசியாவின் குருந்தம் பற்றி ஒரு கட்டுரை படித்தார். மாணிக்கம், நீலம், இந்த அழுக்கு நிறச் சாணைக்கல் மூன்றும் ஒரே குடும்பம்தான் என்று அந்தக் காலத்தில்தான் விஞ்ஞானிகளுக்குத் தெளிவாயிற்று. அந்தக் குடும்பத்துக்கு வைத்த பெயர் 'கொரண்டம்'. நம் குருந்தம்தான், வெள்ளைக்காரர் நாவில் கொஞ்சம் வளைந்துவிட்டது!

குப்புறப் படுத்த தொழிலாளிகள்

குருந்தம் கைக்கெட்டாத ஊரில் என்ன செய்தார்கள்? ஜெர்மனியில் இடார்-ஓபர்ஸ்டைன் என்ற இரட்டை ஊர். சுற்றியுள்ள மலைகளில் அகேட் நிறைய. ஓடைத் தண்ணீரில் சுழலும் பெரிய மணற்கல் சக்கரங்களை வைத்துத் தேய்த்தார்கள். மணற்கல் என்பது குவார்ட்ஸ் மணல்; அகேட்டும் குவார்ட்ஸ். ஏழை ஏழால் தேய்க்கிற கதை! அசுர பலம் கொடுத்து அழுத்தினால்தான் கல் தேயும். அதனால் தொழிலாளிகள் தாழ்வான மரப் பலகையில் குப்புறப் படுத்து, காலைத் தரையில் அடித்த கட்டையில் உதைத்து, உடம்பின் மொத்த வலுவையும் கல்லில் இறக்கினார்கள். முகத்துக்கு நேரே ஈரச் சக்கரம். நாள் முழுக்க, ஆயுள் முழுக்க இப்படித்தான்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்ளூர் அகேட் தீர்ந்துவரவே, பல குடும்பங்கள் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்தன. போன இடத்தில் ஆற்றுப்படுகையில் அகேட் கொட்டிக் கிடந்தது. 1830-களிலிருந்து, கப்பல் ஆடாமல் இருக்க அடியில் போடும் பாரமாகவே அந்தக் கல் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தது. தொழில் பிழைத்தது. ஆனால் படுத்துத் தேய்க்கிற பாடு உடனே தீரவில்லை. நல்ல பொடி மலிவாகக் கிடைக்கும் வரை அது தீர வழியும் இல்லை.

வைரம் செய்யப் போய்

அந்தப் பொடி 1891-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தது. எட்வர்ட் அச்சிசன் என்பவர் எடிசனிடம் வேலை பார்த்தவர். செயற்கையாக வைரம் செய்து பார்த்துவிடுவது என்று களிமண்ணையும் நிலக்கரிக் கோக்கையும் ஓர் இரும்புச் சட்டியில் போட்டு, நடுவே கரிக்கம்பி நட்டு மின்சாரம் பாய்ச்சினார். வைரம் வரவில்லை. கம்பி முனையில் மினுமினுவென்று சில படிகத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. கண்ணாடியில் தேய்த்தார், கண்ணாடி கீறியது. கரியும் குருந்தமும் சேர்ந்து உண்டான பொருள் என்று நினைத்துக் கார்பனையும் கொரண்டத்தையும் ஒட்டி 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கனும் கார்பனும் சேர்ந்த சிலிக்கன் கார்பைடு. கணிப்பு தவறு. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் போய் 'கார்போரண்டம் கல் கொடுப்பா' என்று கேட்கிற ஒவ்வொருவரும் தெரியாமலே ஒரு தமிழ்ச் சொல்லை உச்சரிக்கிறார்கள்.

குருந்தத்தைவிடக் கடினம், வைரத்தைவிட மென்மை. முதலில் இதை வாங்கியவர்கள் வைரப்பொடிக்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்த ரத்தினம் தீட்டுகிறவர்கள்தான். அப்போது நகைக்கடைக் கணக்கில், காரட் எடையில் விற்றார்கள்! பிறகு நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தை வைத்து டன் கணக்கில் காய்ச்சத் தொடங்கியதும் விலை தரைக்கு வந்தது.

கொட்டகைக்கு வந்த வித்தை

1929-ல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை உலுக்கியது. லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை இல்லை, காசு இல்லை, நேரம் மட்டும் இருந்தது. ஓரிகன், கலிஃபோர்னியா பக்கத்து வறண்ட நிலங்களில் அகேட், கல்லாகிப்போன மரம், உள்ளே அகேட் பொதிந்த உருண்டைகள் எல்லாம் சும்மா கிடந்தன. பொறுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. பழைய சலவை இயந்திரத்தின் மோட்டார், ஒரு தண்டு, ஒரு கார்போரண்டம் சக்கரம், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ ஒரு தகர டப்பா. பட்டறை தயார்.

பரம்பரைத் தொழிலாளிகள் ரகசியத்தைச் சொல்லித்தர மாட்டார்கள் என்ற நிலையில், 1935-ல் ஜே. ஹாரி ஹோவர்ட் என்பவர் பொழுதுபோக்குக்காரர்களுக்கென்றே ஒரு கைநூல் வெளியிட்டார். யாரிடமும் சீடனாக இல்லாமலே கல் தீட்டலாம் என்ற தைரியத்தை அத்தகைய நூல்கள் கொடுத்தன. ஊருக்கு ஊர் சங்கங்கள் முளைத்தன. 1947-ல் இதற்கென்றே 'லாபிடரி ஜர்னல்' என்ற இதழ் தொடங்கியது. 1955-ல் அரிசோனாவின் டூசான் நகரில் உள்ளூர்ச் சங்கத்தார் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னதாக ஒரு கல் கண்காட்சி நடத்தினார்கள். இன்று உலக ரத்தின வியாபாரிகள் ஆண்டுதோறும் கூடும் டூசான் சந்தைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

எல்லோரும் குமிழ்க்கல்லில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. பட்டை தீட்ட ஒவ்வொரு கோணத்தையும் டிகிரிக் கணக்கில் அளக்க வேண்டும். குமிழுக்குக் கண்ணும் விரலும் போதும். கல்லும் ஒளி ஊடுருவுவதாக இருக்க வேண்டியதில்லை.

அதற்காகக் குமிழ் ஒன்றும் மட்டமான வெட்டு இல்லை. சில கற்களின் அழகே குமிழாகத் தீட்டினால்தான் வெளியே வரும். நட்சத்திர நீலத்தை எடுத்துக் கொள்ளுங்கள். கல்லுக்குள் ரூட்டைல் என்ற கனிமத்தின் நுண்ணிய ஊசிகள் மூன்று திசையில், அறுபது டிகிரி இடைவெளியில் படுத்திருக்கும். அந்த ஊசிகள் கிடக்கும் தளத்துக்கு இணையாக அடிப்பக்கத்தை அமைத்துக் குமிழாகத் தீட்டினால், மேலே ஆறு கதிர் நட்சத்திரம் மிதக்கும். பட்டை தீட்டினால் நட்சத்திரம் போச்சு. இலங்கையில் கிடைத்து நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'ஸ்டார் ஆஃப் இந்தியா' 563 காரட் குமிழ்க்கல். 1964-ல் அதைத் திருடர்கள் தூக்கிப் போய், அடுத்த ஆண்டு மயாமி நகரப் பேருந்து நிலைய லாக்கரில் கண்டெடுத்தது தினத்தாள்களுக்குப் பெருந்தீனி.

செய்முறை

கல்லை வைரப்பல் ரம்பத்தில் பலகையாக அறுப்பார்கள். வேண்டிய நீள்வட்டத்தை அலுமினியக் கம்பியால் வரைவார்கள். பென்சில் கோடு தண்ணீரில் அழிந்துவிடும். ஓரங்களை வெட்டியபின், நம் ஆசாரிகள் செய்வது போலவே, கல்லை ஒரு குச்சி முனையில் அரக்கால் ஒட்டுவார்கள். பிறகு தேய்ப்பு. பொடியின் நம்பர் என்பது சல்லடையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்ற கணக்கு; நம்பர் ஏற ஏறப் பொடி நைசாகும். 80-ல் உருவம் வரும். 220, 400, 600, 1200 என்று ஏற, ஒவ்வொன்றும் முந்தியது போட்ட கீறலை அழித்து அதைவிடச் சிறிய கீறலைப் போடும். கடைசியில் கம்பளித் துணியிலோ தோலிலோ சீரியம் ஆக்சைடு தடவித் தேய்த்தால் கல் கண்ணாடியாகும். நடுவில் ஒரு படியை அவசரப்பட்டுத் தாண்டினால் பழைய கீறல் அந்தப் பளபளப்பிலேயே பல்லிளிக்கும். திரும்ப 220-க்கு இறங்க வேண்டியதுதான். பொறுமைக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஒரு குழாய்த் தண்ணீர்

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சக்கரத்தின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

குஜராத்தில் காம்பே வளைகுடாக் கரையில் கம்பாத் நகரம். அகேட்டும் சூதுபவளமும் தீட்டுவதில் உலகப் புகழ் பெற்றது. அதன் சுற்றுவட்டாரத்தில் லோத்தல் காலத்திலிருந்தே மணித்தொழில் உண்டு. கொடுமணலில் கிடைத்த சூதுபவளமும் குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதே அறிஞர்கள் கருத்து. 20-ஆம் நூற்றாண்டில் அங்கும் மின்மோட்டார் வந்தது, செயற்கைச் சாணைச் சக்கரம் வந்தது. அமெரிக்காவில் கொட்டகைக்கு வந்த அதே இரண்டு பொருள்கள்தான். ஆனால் இங்கே ஏழைகள் குடியிருக்கும் வீட்டிலேயே, துண்டுக் கணக்கில் கூலிக்கு, உலர்வாகத் தேய்த்தார்கள். அகேட் தூசி என்பது சிலிக்கா. மூச்சோடு போன தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகும். அதன் பெயர் சிலிக்கோசிஸ். காசநோய்க்கும் அது கதவைத் திறந்துவிடும். குணப்படுத்த மருந்து இல்லை. தேய்த்தவர்கள் மட்டுமின்றி, அதே வீட்டில் சும்மா இருந்த பெண்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும்கூட இந்த நோய் வந்ததை அகமதாபாத்தின் தேசியத் தொழில் சுகாதார நிறுவனம் ஆய்வு செய்து பதிவு செய்துள்ளது.

அதே பொடி, அதே மோட்டார், அதே கல். ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, இன்னொருவருக்கு எமன். நடுவில் இருந்த வித்தியாசம் கொஞ்சம் தண்ணீரும், காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் ஏற்பாடும், அதற்கு வேண்டிய காசும்தான். மணிக்கல் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கிற நாம் இதையும் ஒரு கணம் நினைக்க வேண்டும். என்ஜினீயரிங் படிக்கும் தம்பி தங்கைகள் புராஜெக்ட் தலைப்புக்கு அலைகிறார்களே, கூலித் தொழிலாளியால் வாங்கக்கூடிய விலையில் தூசி பிடிக்கும் ஒரு கருவி செய்து காட்டட்டும். வெறும் மதிப்பெண்ணைவிடப் பெரிய பலன் அதில் உண்டு.

திரும்பி வந்த பெயர்

கதையில் கடைசியாக ஒரு சுற்று பாக்கி இருக்கிறது. 1954-ல் முருகப்பா குழுமத்தார் அமெரிக்க, ஆங்கிலேயக் கம்பெனிகளோடு சேர்ந்து சென்னையில் 'கார்போரண்டம் யுனிவர்சல்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிப் போன குருந்தம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் சுற்றிவிட்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டு அதே ஊருக்குத் திரும்பி வந்தது.

காங்கயம், கரூர் வட்டாரத்தில் சந்திரகாந்தக் கல் இன்றும் கிடைக்கிறது. அது குமிழாகத் தீட்டினால்தான் நீலநிலா காட்டும் இனம். தயவு செய்து யாரும் மண்வெட்டியோடு கிளம்பிவிடாதீர்கள், அனுமதியில்லாமல் தோண்டுவது சட்டப்படி குற்றம். கல் வியாபாரிகளிடம் நகைக்கு ஆகாத சிறு கச்சாக்கல் குறைந்த விலைக்கே கிடைக்கும். மோட்டார்கூட வேண்டாம். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் சிலிக்கன் கார்பைடு தாள்கள், அந்தக் கறுப்பு உப்புத்தாள், பெயின்ட் கடையில் இருக்கிறது. 220-ல் தொடங்கி 1200 வரை நான்கைந்து தாள், ஒரு கிண்ணத் தண்ணீர், ஒரு குச்சி, கொஞ்சம் அரக்கு. தாளும் கல்லும் எப்போதும் ஈரமாக இருக்கட்டும். கையால் தேய்த்தால் ஒரு கல்லுக்குப் பல சாயங்காலம் பிடிக்கும். பிடிக்கட்டுமே! ஓய்வு பெற்ற நண்பர்களுக்கு டிவி சீரியலைவிட இது கண்டிப்பாக மேல். பேரன் பேத்திகளும் பக்கத்தில் வந்து உட்காருவார்கள்.

அடுத்த ஒன்றுகூடலுக்கு நம்மில் பத்துப் பேராவது தாங்களே தீட்டிய ஒரு கல்லைக் கொண்டு வந்தால், புவியியல் துறைக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு தட்டு நிரம்பும். பக்கத்தில் ஒரு துண்டுக் குருந்தமும் இருக்கட்டும். பார்க்கிற மாணவர்களுக்கு அதன் பெயர்க் கதையை நீங்களே சொல்லுங்கள்.